கரண்ட் போனால் மூன்று விஷயம் ஓடினால் போதும்: 12 வோல்ட் பேட்டரி பெட்டியை வீட்டிலேயே செய்வது எப்படி?

இரணியல் பக்கம் ஒரு வீட்டுக்குக் கரண்ட் வரும் வழியை அண்ணாந்து பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். கம்பிக்கு ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் பலா, நடுவில் மாமரக் கொப்பு. குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வீடுகள் தெருவாக ஒட்டி நிற்பது குறைவு. விளைக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி இருக்கும். அதனால் போஸ்ட்டில் இருந்து வீடு வரைக்கும் வரும் சர்வீஸ் வயரும் நீளம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே பெய்யும் மாவட்டம் வேறு. ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால்கூட அன்றைக்கு ராத்திரி "கரண்டு எப்பம் வரும்?" என்ற கேள்விதான்.

சில மணி நேரம் என்றால் சமாளிக்கலாம். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது நடந்தது வேறு. குமரி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. ரப்பரும் வாழையும் தென்னையும் வேரோடு விழுந்து ரோட்டை மறித்தன. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சில ஊர்களில் அது ஒரு வாரத்தையும் தாண்டியது. கடலுக்குப் போன மீனவர்களைப் பற்றி ஒரு தகவல் வராதா என்று தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கடற்கரைக் கிராமங்கள் காத்துக் கிடந்த நாள்கள் அவை. அந்த நேரத்தில் கையில் இருக்கும் போனில் சார்ஜ் இல்லை என்பது சின்ன அசௌகரியம் இல்லை.

அடுத்த ஆண்டே, 2018 நவம்பர் 16-ல், டெல்டா மாவட்டங்களை கஜா புயல் தாக்கியது. 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதம். அங்கேயும் இதே கதைதான்.

ஒவ்வொரு மழைக்காலமும் வரும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது: பெரிய இன்வெர்ட்டர் வாங்க வசதி இல்லை, குறைந்த செலவில் வீட்டிலேயே ஒரு பேக்கப் செய்துகொள்ள முடியுமா? முடியும். ஆனால் எதை ஓட்டப் போகிறோம், எதை ஓட்டப் போவதில்லை என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பெரும்பாலான வீட்டுத் தயாரிப்புகள் சொதப்புவது வயரிங்கில் இல்லை, இந்த முடிவில்தான்.

முதலில் பேப்பர், பேனா

கடைக்குப் போய் "ஒரு பேட்டரி குடுங்க அண்ணே" என்று கேட்பதற்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட வேண்டும். கணக்கு ரொம்ப ஈஸி. ஒரு பொருள் எத்தனை வாட், அது எத்தனை மணி நேரம் ஓட வேண்டும். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட்-அவர். மின்சார பில்லில் ஒரு யூனிட் என்று போடுகிறார்களே, அது 1,000 வாட்-அவர். நாம் இங்கே பேசப்போவது அதில் ஆறில் ஒரு பங்கைப் பற்றி மட்டும்தான்.

சாயங்காலம் 6 மணிக்குப் போன கரண்ட் ராத்திரி 11 மணிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 வாட் டிசி எல்இடி பல்பு இரண்டு, 5 மணி நேரம் எரிந்தால் 50 வாட்-அவர். வைஃபை ரௌட்டர் சுமார் 8 வாட் எடுக்கும். 5 மணி நேரத்துக்கு 40. 5,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள ஒரு போனுக்குள் இருப்பது 19 வாட்-அவர்தான். ஆனால் சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் சூடாக வீணாகும் என்பதால் ஒரு போனுக்கு 25 என்று வைப்போம். இரண்டு போனுக்கு 50. மொத்தம் 140. வயரிலும் கன்வெர்ட்டரிலும் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் 155 வாட்-அவர்.

அவ்வளவுதான். வெளிச்சம், போன், இன்டர்நெட் மூன்றுக்கும் சேர்த்து ஒரு சாயங்காலத்துக்குத் தேவை இதுதான்.

இப்போது இதில் ஃபேனைச் சேர்த்துப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். இதைத் தொடவே வேண்டாம். பிஎல்டிசி ஃபேன் முழு வேகத்தில் 30 வாட் பக்கம் எடுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 240 வாட்-அவர். மேலே போட்ட மொத்தக் கணக்கையும் ஒரே ஃபேன் தனியாகத் தாண்டிவிடுகிறது. 12 வோல்ட்டில் ஓடும் சின்ன டேபிள் ஃபேன், அதுவும் 12 வாட்டில் ஓட்டினால், 100-க்குள் அடங்கும். மழை நாளில் ஃபேன் எதற்கு என்று கேட்கலாம். கொசு என்பதுதான் பதில். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இது ஆடம்பரம் இல்லை. ஆனால் ஃபேன் வேண்டுமென்றால் பேட்டரியின் அளவு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்று தெரிந்தே முடிவெடுங்கள்.

கிணற்று மோட்டார், மிக்ஸி, ஃபிரிட்ஜ் எதுவும் இந்தப் பெட்டியின் வேலை இல்லை. அரை ஹெச்பி மோட்டார் ஓடும்போதே 370 வாட்டுக்கு மேல் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். புயல் வருகிறது என்று அறிவிப்பு வந்ததுமே டேங்க்கை நிரப்பி வைப்பதுதான் அதற்கு வழி. வீட்டில் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் மாதிரி உயிர் காக்கும் கருவி ஓடுகிறது என்றால், வீட்டில் செய்த எந்தப் பெட்டியையும் நம்ப வேண்டாம். டாக்டரிடம் பேசி சிலிண்டரோ, கம்பெனி பேக்கப்போ முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இன்வெர்ட்டர் ஏன் வேண்டாம்?

2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 2012-ல் சென்னையைத் தாண்டினால் ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது அந்தக் காலத்தில்தான். வரவேற்பறை மூலையில் ஒரு டப்பா, அதன் பக்கத்தில் கனமான டியூப்ளர் பேட்டரி. பேக்கப் என்றாலே நம் மனதில் அந்தப் படம் பதிந்துபோனது அப்படித்தான்.

ஆனால் நாம் பட்டியல் போட்ட பொருள்களைக் கொஞ்சம் கவனியுங்கள். எல்இடி பல்புக்குள் இருக்கும் சில்லு ஓடுவது டிசி-யில். ரௌட்டர் அடாப்டரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் டிசி என்று இருக்கும். போனுக்குத் தேவை 5 வோல்ட் டிசி. பேட்டரியில் இருந்து வருவதும் டிசி. நடுவில் இன்வெர்ட்டர் என்ன செய்கிறது? 12 வோல்ட் டிசி-யை 230 வோல்ட் ஏசி-யாக மாற்றுகிறது. அதை அடாப்டர் வாங்கி மறுபடியும் 12 வோல்ட் டிசி-யாக மாற்றுகிறது. சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் கடைக்குப் போக நாகர்கோவில் வடசேரி வரைக்கும் போய்த் திரும்பி வருகிற மாதிரி.

இந்தச் சுற்றுப் பயணம் இலவசம் இல்லை. இன்வெர்ட்டர் எதையும் ஓட்டாமல் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே கொஞ்சம் கரண்ட் தின்னும். அது 12 வாட் என்று வைப்போம். இரண்டு பல்பும் ரௌட்டரும் சேர்ந்து 18 வாட். ஆக 18 வாட் வேலைக்கு 30 வாட் செலவு. பெரிய சுமைக்கு இந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. நம்மை மாதிரி சின்னச் சுமைக்காரர்களுக்குத்தான் அடி. இன்வெர்ட்டரைத் தூக்கிவிட்டால் பேட்டரியின் அளவும் குறைகிறது, விலையும் குறைகிறது, 230 வோல்ட் ஷாக் அடிக்கும் ஆபத்தும் பெட்டியின் வெளிப்பக்கத்தில் இல்லாமல் போகிறது.

இது ஏதோ புதுசாக யாரோ கண்டுபிடித்த ஐடியா என்று நினைக்க வேண்டாம். ஊரே இருட்டாக இருக்கும்போதும் அந்தக் காலத்து லேண்ட்லைன் போன் மட்டும் வேலை செய்ததே, எப்படி? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரி வரிசை இருந்தது. கரண்ட் இருக்கும்போது அது சார்ஜ் ஆகிக்கொண்டே லைனுக்கும் மின்சாரம் கொடுக்கும். கரண்ட் போனால் அப்படியே தொடரும். இரணியல் ஸ்டேஷனில் நிற்கும் ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஐசிஎஃப் பெட்டிகளில் சக்கரம் சுழலும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரம் தயாரிக்கும், வண்டி நின்றதும் பெட்டிக்கு அடியில் இருக்கும் 110 வோல்ட் பேட்டரிதான் லைட்டையும் ஃபேனையும் ஓட்டும். நாம் உட்கார்ந்திருக்கும்போது அந்த மாற்றம் நடந்ததே தெரியாது.

சென்னை ஐஐடி-யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு இதே யோசனையை வீடுகளுக்குக் கொண்டு வந்தது. சோலார் பேனல், பேட்டரி, 48 வோல்ட் டிசி வயரிங், டிசி-யில் ஓடும் பல்பும் ஃபேனும். நடுவில் இன்வெர்ட்டரே கிடையாது. ராஜஸ்தானில் மின்கம்பி எட்டாத ஆயிரக்கணக்கான வீடுகளில் இந்த முறையில் விளக்கு எரிந்தது. அவர்கள் 48 வோல்ட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, வயர் பற்றிப் பேசும்போது அதற்கு வருவோம்.

எந்த பேட்டரி?

இங்கேதான் பணம் செலவாகும், இங்கேதான் ஏமாறவும் செய்வோம்.

காரில், ஆட்டோவில் இருக்கும் பேட்டரியைக் கழற்றிப் பயன்படுத்தலாமே என்பது பலருக்கும் வரும் முதல் யோசனை. அவசரத்துக்கு ஓகே. ஆனால் அந்த பேட்டரி செய்யப்பட்டது வேறு வேலைக்கு. இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஒரு சில நொடி பெரிய கரண்ட்டைக் கொட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக உள்ளே மெல்லிய தகடுகளாக நிறைய வைத்திருப்பார்கள். அதைத் தினமும் அடிமட்டம் வரைக்கும் காலி செய்து ஏற்றினால் சில மாதத்திலேயே படுத்துவிடும்.

யுபிஎஸ்ஸில் வரும் மூடிய லெட் ஆசிட் பேட்டரி, கடைக்காரர் மொழியில் எஸ்எம்எஃப், நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும். இதில் எழுதாத விதி ஒன்று உண்டு: பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது. நமக்குத் தேவை 155 வாட்-அவர் என்றால் வாங்க வேண்டியது அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 310. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 26. கடையில் 12 வோல்ட், 26 ஏஎச் பேட்டரி கிடைக்கும். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

இன்னொன்று லித்தியம் அயன் பாஸ்பேட். எல்எஃப்பி என்பார்கள். இது 12.8 வோல்ட். ஐந்தில் நான்கு பங்கு வரைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். 18 ஏஎச் பேட்டரியில் 230 வாட்-அவர் இருக்கும். அதில் 80 சதவீதம் 184. போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். எடை லெட் ஆசிட்டில் பாதிகூட வராது. விலை கூடுதல்தான், ஆனால் ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். வாங்கும்போது உள்ளே பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு போர்டு இருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். அது இல்லாத பேக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், தினமும் கரண்ட் போகும் வீட்டுக்கு எல்எஃப்பி. வருஷத்துக்குப் பத்துத் தடவை போகும் வீட்டுக்கு எஸ்எம்எஃப் போதும். எப்போதோ ஒரு தடவை எடுக்கப்போகும் பேட்டரிக்கு அத்தனை சுழற்சி எதற்கு?

மூன்றாவது ஒன்று இருக்கிறது, யூடியூபில் அதிகம் ஓடுவதும் அதுதான். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து, உள்ளே இருக்கும் உருளை செல்களை எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து பேக் கட்டுவது. செலவே இல்லை என்பதுபோலத் தெரியும். இதை வீட்டில் செய்ய வேண்டாம். அந்த செல்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. ஒரு பலவீனமான செல் அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிச் சூடானால், அந்தச் சூடே அதற்குள் வேதிவினையைத் தூண்டும், அது இன்னும் சூட்டை உண்டாக்கும், பக்கத்து செல்லுக்கும் பரவும். கையில் இருக்கும் தண்ணீர் வாளியால் அணைக்கக்கூடிய தீ இல்லை அது. ராத்திரி எல்லோரும் தூங்கும்போது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு பொருளில் இந்த ரிஸ்க் தேவையில்லை. எல்எஃப்பி இந்த வகையில் எவ்வளவோ நிதானமானது. அதற்காக அது தீயே பிடிக்காது என்றும் அர்த்தம் இல்லை.

பெட்டிக்குள் என்ன இருக்கும்?

இதன் அழகே சுவிட்ச் ஓவர் என்ற ஒன்று இல்லாததுதான். சார்ஜர், பேட்டரி, நாம் ஓட்டும் பொருள்கள் மூன்றும் ஒரே இணைப்பில் பக்கம் பக்கமாக இருக்கும். கரண்ட் இருக்கும்போது சார்ஜர் பேட்டரியையும் நிரப்பி, பல்பையும் ஓட்டும். போனதும் பேட்டரி எடுத்துக்கொள்ளும். ரௌட்டர் ஒரு தடவைகூடக் கண் சிமிட்டாது. அதே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் டெக்னிக்.

சார்ஜர் விஷயத்தில் ஒரு குழப்பம் சகஜமாக நடக்கும். 12 வோல்ட் பேட்டரிதானே என்று 12 வோல்ட் அடாப்டரை மாட்டிவிடுவார்கள். ஏறவே ஏறாது. முழுதாக நிரம்பிய லெட் ஆசிட் பேட்டரியே சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டும். அதற்கு மேலே இருந்து தள்ளினால்தான் உள்ளே போகும். எப்போதும் மாட்டியே வைத்திருக்கும் பேக்கப் பெட்டிக்கு 13.6 முதல் 13.8 வோல்ட் வரை சரியான அளவு. அந்த வோல்ட்டைத் தாண்டாமலும், கரண்ட்டை ஒரு எல்லைக்குள் பிடித்தும் வைக்கும் சார்ஜரைக் கேட்டு வாங்க வேண்டும். 26 ஏஎச் எஸ்எம்எஃப் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு, 2.6 ஆம்பியர் பேட்டரிக்கு. பல்பும் ரௌட்டரும் எடுப்பது ஒன்றரை ஆம்பியர். ஆக 4 ஆம்பியர் சார்ஜர் பொருத்தம். எல்எஃப்பி வாங்கினால் அதற்கென்று இருக்கும் சார்ஜரையே வாங்குங்கள்.

போன் சார்ஜ் செய்ய காரில் மாட்டும் யுஎஸ்பி சார்ஜர் போதும். 12 வோல்ட்டை 5 ஆக்கும் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது, விலையும் சில நூறு ரூபாய்தான். ரௌட்டருக்கு நேரடியாக இணைத்தால் பல நேரம் ஓடிவிடும், ஆனால் சார்ஜ் ஏறும்போது 13.8 போகும், பேட்டரி காலியாகும்போது 11-க்கு இறங்கும். 12-ஐ நிலையாகக் கொடுக்கும் சின்ன கன்வெர்ட்டர் ஒன்றை நடுவில் போட்டால் ரௌட்டருக்கு ஆயுசு. இதோடு, வோல்ட் ஒரு அளவுக்குக் கீழே போனால் தானாகத் துண்டிக்கும் லோ வோல்டேஜ் கட்-ஆஃப் மாட்யூல். எஸ்எம்எஃப் என்றால் சுமை ஓடும்போது 11.8-க்குக் கீழே இறங்க விடக் கூடாது. இது இல்லாவிட்டால் ஒரே ஒரு ராத்திரி பல்பை அணைக்க மறந்தாலும் பேட்டரி பழுதாகிவிடும்.

அடுத்து ஃபியூஸ். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 12 வோல்ட் ஷாக் அடிக்காதே, அப்புறம் என்ன பயம் என்கிறார்கள். ஷாக் அடிக்காது, சரிதான். ஆனால் பேட்டரியின் இரண்டு முனையும் தவறிப்போய் ஒட்டிக்கொண்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மெல்லிய வயர் கம்பி அடுப்பு மாதிரிச் சிவந்து, மேலே இருக்கும் பிளாஸ்டிக் எரியத் தொடங்கும். கையில் மோதிரமோ வளையலோ பட்டால் தசை வரைக்கும் சுடும். அதனால் பிளஸ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு ஃபியூஸ். பைக்கிலும் காரிலும் வரும் 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ், ஹோல்டரோடு எந்த ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். ஃபியூஸை பல்பு பக்கம் போட்டுவிட்டு பேட்டரி பக்கம் வெறும் வயராக விட்டால் அது இருந்தும் பயன் இல்லை. வேலை செய்யும்போது மோதிரத்தைக் கழற்றுங்கள். ஃபியூஸை எல்லா இணைப்பும் முடிந்த பிறகு கடைசியாகச் செருகுங்கள்.

வயர் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. வோல்ட் குறைவாக இருந்தால் அதே வாட்டுக்குக் கரண்ட் அதிகம் போகும், கரண்ட் அதிகமானால் வயரிலேயே வோல்ட் விழும். பெட்டியில் இருந்து 10 மீட்டர் தள்ளி, 1 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 வாட் பல்பு எரிந்தால் விழுவது 0.15 வோல்ட்கூட இல்லை. அதே வயரில் 60 வாட் இழுத்தால் 12-ல் கிட்டத்தட்ட 1.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஐஐடி குழு 48 வோல்ட்டுக்குப் போனதற்கு இதுவும் காரணம். கரண்ட் நாலில் ஒன்றாகிவிடும். நம் பெட்டியில் பல்பு வரைக்கும் நீள வயர் பிரச்சினை இல்லை. ஃபேன் வைத்தால் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது? எஸ்எம்எஃப்போ டியூப்ளரோ, லெட் ஆசிட் எதுவானாலும் சார்ஜ் ஏறும்போது, அதுவும் அளவுக்கு மீறி ஏறும்போது, ஹைட்ரஜன் வெளியே வரும். கட்டிலுக்கு அடியில் வேண்டாம், காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வேண்டாம், விளக்கேற்றும் பூஜை அறையிலோ ஊதுபத்தி பக்கத்திலோ வேண்டவே வேண்டாம். ஓட்டுக்கூரைக்கு அடியில் பரண் மேலும் வேண்டாம், ஏனென்றால் சூடு. வெப்பம் 10 டிகிரி கூடினால் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். வெள்ளம் ஏறும் வீடென்றால் தரையிலும் வைக்க முடியாது. நல்ல கனமான ஸ்டூலோ சுவர்த் தட்டோ பாருங்கள்.

செலவு? ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். தோராயமாக, இன்வெர்ட்டரும் டியூப்ளர் பேட்டரியும் சேர்த்து வாங்கும் செலவில் நாலில் ஒன்றில் இருந்து மூன்றில் ஒன்றுக்குள் முடித்துவிடலாம். அதில் பெரும்பகுதி பேட்டரிக்கே. இன்னொன்றும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: உங்களுக்கு வீட்டிலிருந்து வேலை, ரௌட்டர் மட்டும் அணையாமல் இருந்தால் போதும் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ரௌட்டருக்கென்றே மினி யுபிஎஸ் விற்கிறார்கள். அதை வாங்கி மாட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

லைன்மேன் உயிர் உங்கள் பிளக்கில்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பலர் ஏற்கெனவே ஒரு சின்ன இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ வைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் ஆண் பிளக் உள்ள ஒரு வயரைச் செய்து, அதை சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் செருகி, வீடு முழுக்க லைட் எரிய வைக்கும் குறுக்கு வழி ஒன்று நம் ஊர்களில் உண்டு. வேலை செய்யும். அதுதான் பிரச்சினை.

வீட்டு மெயின் சுவிட்ச் ஆஃப் ஆகாமல் இருந்தால் அந்த மின்சாரம் வீட்டோடு நிற்காது. சர்வீஸ் வயர் வழியாகப் போஸ்ட்டுக்கு ஏறும். தெருவில் எல்லா வீடும் இணைந்திருந்தால் சுமை தாங்காமல் உங்கள் ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ நின்றுவிடலாம். ஆனால் புயல் நேரத்தில் கம்பி எங்கெங்கே அறுந்து கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உங்கள் வீடும் டிரான்ஸ்பார்மரும் மட்டும் ஒரு துண்டாக மிஞ்சியிருந்தால் அது நிற்காமல் ஓடும். டிரான்ஸ்பார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும் கருவி. வழக்கமாக 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்கு அனுப்புகிற அதே பெட்டி, இந்தப் பக்கம் 230 கொடுத்தால் அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஏற்றும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பியில் கை வைப்பவர் லைன்மேன். ஒக்கி நேரத்தில் வெளி மாவட்டங்களில் இருந்தெல்லாம் மின்வாரியத் தொழிலாளர்கள் குமரிக்கு வந்து மழையில் போஸ்ட் நட்டார்கள். எந்த வீட்டில் எவர் என்ன மாட்டி வைத்திருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

நாம் மேலே பார்த்த டிசி பெட்டியில் இந்த ஆபத்து இல்லை. அதன் வயரிங் வீட்டு வயரிங்கோடு எங்கேயும் சேராது. சார்ஜரின் பிளக் மட்டும்தான் சுவரைத் தொடும். பல்புக்கான டிசி வயரைப் பழைய ஏசி பைப்புக்குள் நுழைக்காமல், தனியாக, வேறு நிறத்தில் இழுப்பதும் இதற்காகத்தான். நாளைக்கு வரும் எலக்ட்ரீஷியன் குழம்பக் கூடாது. 230 வோல்ட் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கோடு இணைக்கத்தான் வேண்டும் என்றால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். கம்பி அறுந்து கிடப்பதைப் பார்த்தால் பக்கத்தில் போகாமல் மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லலாம்.

ஒரு நாள் இல்லை, ஒரு வாரம் என்றால்?

நாம் செய்த பெட்டி ஒரு சாயங்காலத்துக்கானது. ஒக்கி மாதிரி நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனால் மறுநாளே காலி. அப்போது முதலில் நிறுத்த வேண்டியது ரௌட்டரை. கரண்ட் இல்லாத ஊரில் ஃபைபர் லைனும் பெரும்பாலும் உயிரோடு இருக்காது. சும்மா 8 வாட் போகும். ஒரே ஒரு பல்பு இரண்டு மணி நேரம், ஒரு போன் ஒரு தடவை சார்ஜ் என்று சுருக்கினால் ஒரு நாளைக்கு 35 வாட்-அவர்தான். அதே 26 ஏஎச் பேட்டரி நாலு நாள் தாங்கும். செல்போன் டவர்களிலும் பேட்டரி தீர்ந்து, டீசல் வந்து சேராமல் சிக்னல் போகும். சிக்னல் இல்லாத இடத்தில் போன் தேடித் தேடியே சார்ஜை இழக்கும் என்பதால் ஃபிளைட் மோடில் வைத்து, மணிக்கு ஒரு தடவை மட்டும் திறந்து பாருங்கள்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் சோலார் பேனல். நல்ல வெயிலில் 100 வாட் பேனல் ஒரு நாளைக்கு 400 வாட்-அவர் பக்கம் தரும். புயலை ஒட்டி வானம் மூடிக்கிடக்கும் நாள்களில் அதில் கால் பங்கு வந்தாலே பெரிது. அந்தக் கால் பங்கும் நம் சுருக்கிய கணக்குக்குத் தாராளம். ஆனால் 12 வோல்ட் பேனல் என்று விற்பது வெயிலில் சும்மா இருக்கும்போது 20 வோல்ட்டைத் தாண்டும். நேராக பேட்டரியில் மாட்டாமல் சார்ஜ் கன்ட்ரோலர் வழியாகத்தான் மாட்ட வேண்டும். காற்று எச்சரிக்கை வந்ததும் பேனலைக் கழற்றி உள்ளே வைக்க மறக்காதீர்கள். கூரையில் இருந்து பறக்கும் பேனல் பக்கத்து வீட்டுக்கும் ஆபத்து.

பைக்கோ காரோ இருந்தால் அதுவும் ஒரு பவர் பேங்க்தான். காரில் யுஎஸ்பி சார்ஜர் மாட்டி, இன்ஜினை ஓட விட்டுப் போனை ஏற்றலாம். மூடிய கார் ஷெட்டுக்குள் மட்டும் வேண்டாம், புகை கொல்லும். ஜெனரேட்டருக்கும் இதே விதி.

பெட்டியைச் செய்து மூலையில் வைத்துவிட்டு மறந்துவிடுவதுதான் கடைசியாக நடக்கும் தவறு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சார்ஜர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் ஓட விட்டு, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று ஒரு பேப்பரில் எழுதிப் பெட்டி மேலேயே ஒட்டுங்கள். 5 மணி நேரம் என்பது 3 ஆகக் குறைந்தால் பேட்டரி மாற்றும் காலம் வந்துவிட்டது. பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போடாமல், புதிது வாங்கும் கடையிலேயே கொடுங்கள். உள்ளே இருப்பது ஈயமும் அமிலமும்; திறந்தவெளியில் உடைத்து உருக்கினால் அந்த ஈயம் மண்ணிலும் கிணற்றுத் தண்ணீரிலும் இறங்கும். பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. லெட் ஆசிட் என்றால் பழையதுக்கு ஒரு விலையும் உண்டு, பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள்.